திடீர் லீவு எடுக்கும்போது ஒரு வரி தகவல் போடுங்கள்

வணக்கம்ங்க. பனியன் கம்பெனி வேலைக்குப் போகிற நம் குழு ஆட்கள் எல்லோரும் இதை முழுசாகப் படியுங்கள். போன வருஷம் ஊரில் அம்மா மயங்கி விழுந்தார் என்று போன் வந்ததும், நான் யாரிடமும் சொல்லாமல் திருப்பூரிலிருந்து கோபிக்கு பஸ் ஏறிவிட்டேன், மூன்றாம் நாள் திரும்பி வந்தால் என் மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். அந்த வலி இன்னும் போகவில்லை.

அதனால், எவ்வளவு பதற்றம் இருந்தாலும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் சூப்பர்வைசருக்கு வாட்ஸப்பில் எழுதுங்கள்: "அப்பாவுக்கு நெஞ்சுவலி, கோவையில் சேர்த்திருக்கிறோம். இன்றும் நாளையும் வர முடியாது. நாளை சாயங்காலம் நிலைமை சொல்கிறேன்." இவ்வளவு போதும். போனில் சொல்லியிருந்தாலும் எழுதியும் போடுங்கள், பின்னால் "நீ சொல்லவே இல்லையே" என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம், உடம்பு சரியில்லாதது உங்களுக்கே என்றால், சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பணம் பிடிக்கப்படுகிறவர்கள் மறக்காமல் இஎஸ்ஐ டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கிவிடுங்கள். இஎஸ்ஐக்குச் சந்தா கட்டிய நாட்கள் போதுமான அளவு இருந்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வீட்டு ஆட்களுக்கு இஎஸ்ஐயில் வைத்தியம் உண்டு, ஆனால் அவர்களைப் பார்த்துக்கொள்ள நாம் எடுக்கிற லீவுக்கு இந்தப் பணம் வராது. அதற்குக் கம்பெனி லீவுதான் கேட்க வேண்டும்.

மெசேஜ் எழுத வராதவர்கள் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள், நான் எழுதித் தருகிறேன்.