முன்னால் நிற்கும் தென்னையைக் காட்டாத தூரமானி: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
மகளிர் குழு ட்ரோன் இயக்குபவர்,
அரசலாற்றுக் கரைக் கிராமம்,
கும்பகோணம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 10.02.2025

பொருள்: என் தேவையைக் கேட்டுக்கொண்டு, அதற்கு நேர் எதிரான லேசர் தூரமானியைப் பரிந்துரைத்து விற்றது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய தூரமானியில் பழுது எதுவும் இல்லை. நான் பேசிய மூன்று முறையும் உங்கள் சேவைப் பிரிவினர் அதைத்தான் எனக்கு விளக்கினார்கள். பழுது இல்லை என்பதில் எனக்கும் அவர்களுக்கும் சண்டையே கிடையாது. அது செய்ய வேண்டிய வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அந்த வேலை எனக்கு வேண்டாத வேலை, அதுதான் புகார்.

நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் எங்கள் மகளிர் குழுவுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் வந்தது. 15 நாள் பயிற்சி முடித்து நான்தான் அதை ஓட்டுகிறேன். 10 லிட்டர் தொட்டி, ஒரு ஏக்கருக்கு ஒரு தொட்டி, ஏறக்குறைய பத்து நிமிடம். ஆள் விட்டுத் தெளித்தால் அரை நாள் சேற்றில் நடக்க வேண்டும். எங்கள் வேலையில் பறக்கவிடுவது பெரிய விஷயமில்லை, இடிக்காமல் நிறுத்துவதுதான். டெல்டாவில் வயல் மேசை மாதிரி மட்டமாக இருக்கும், ஆனால் வெறுமையாக இருக்காது. குறுக்கு வரப்பில் ஒற்றைத் தென்னை, நடு வயலில் ஈபி கம்பம், அதை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி, மோட்டார் கொட்டகை, வாய்க்கால் கரையில் மூங்கில் புதர். ஐம்பது, அறுபது மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் தென்னை மூங்கிலுக்கு முன்னால் நிற்கிறதா, மூங்கிலோடு சேர்ந்து நிற்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. எங்கள் ட்ரோனில் தடையை உணரும் ரேடார் இல்லை. அதனால்தான் ஒரு தூரமானி வாங்கிவிடலாம் என்று குழுவில் பேசி முடிவு செய்தோம்.

டிசம்பர் முதல் வாரத்தில் உங்கள் விற்பனை எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் முதலில், "சார் இருக்காங்களா மேடம்?" என்று கேட்டார். நான்தான் ஓட்டுகிறேன் என்றேன். சரி, அது இந்தப் புகாரில் சேராது. மேலே எழுதியதை எல்லாம் அவரிடம் சொன்னேன். "அதிகபட்சம் 150 மீட்டருக்குள்தான் பார்க்கப் போகிறேன், கிட்டத்தில் இருக்கும் மரமும் கம்பமும் சரியாகத் தெரிய வேண்டும்" என்றும் சொன்னேன். உங்கள் இணையப் பக்கத்தில் இரண்டு மாடல் போட்டிருந்தீர்கள். கோல்ஃபுக்கு என்று ஒன்று, 10,900 ரூபாய். வேட்டைக்கு என்று ஒன்று, 17,400 ரூபாய். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "கோல்ஃப் மாடல் விளையாட்டுக்காரங்களுக்கு மேடம். நீங்க காடு, வயல், மரம்னு சொல்றீங்க, உங்களுக்கு ஹன்டிங் மாடல்தான். 1000 மீட்டர் பாக்கும். கோல்ஃப் மோடும் உள்ளயே இருக்கு." காடும் மரமும் என்று சொன்னதால் வேட்டை மாடல். பொருத்தம் பார்த்தது அவ்வளவுதான்.

குழுப் பணத்தில் 17,400 கட்டினோம். 18-ஆம் தேதி பெட்டி வந்தது. பெட்டியின் மேல் கிளைக் கொம்போடு ஒரு மான் படம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த நாட்டில் மான் படம் போட்ட பெட்டியை யாருக்கு விற்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் பக்கம் வேட்டை என்றால் வயலில் கிட்டி வைத்து எலி பிடிப்பதுதான். அதற்குத் தூரம் பார்க்க வேண்டியதில்லை.

ஜனவரி 6-ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து ஊரில் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். சம்பா கதிர் வெளிவந்த நேரம், மார்கழிப் பனியில் குலைநோய் தலைகாட்டியதால் அவசரமாகக் கூப்பிட்டார்கள். எனக்குப் புது வயல். பனி விலகி எட்டரை மணிக்கு வரப்பில் நின்று, எதிர்ப்பக்கத்துத் தென்னையைக் கருவியில் பார்த்தேன். 94 என்றது. திரும்ப அழுத்தினேன், 94. மூன்றாம் முறையும் அதே 94. மூன்று முறை ஒரே எண் வந்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்? மரத்துக்குப் பத்து மீட்டர் முன்னால் திரும்பும்படி ட்ரோனுக்கு எல்லை வைத்தேன். ட்ரோன் அந்த எல்லைக்குப் போகவே இல்லை, அதற்கு முன்னாலேயே தென்னை மட்டையில் முன் கை மோதி, பாதி மருந்தோடு நெல்லுக்குள் விழுந்தது. பிறகு கொத்தனாரின் டேப்பை வாங்கிப் பிடித்துப் பார்த்தோம். தென்னை 71 மீட்டரில் நிற்கிறது. 94 மீட்டரில் இருப்பது அதற்குப் பின்னால் வாய்க்கால் கரையில் உள்ள மூங்கில் புதர்.

ஒரு கை, இரண்டு இறக்கை, ஒரு நாசில் போயின. பழுது பார்க்க 9,400 ரூபாய். நான்கு நாள் ட்ரோன் பறக்கவில்லை. குலைநோய் நான்கு நாள் காத்திருக்காது என்பது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, அந்த வயல்காரருக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தது நான்தான்.

உங்கள் ஆட்கள் "நீங்கள் சரியாகக் குறி வைத்திருக்க மாட்டீர்கள்" என்றதால், பொங்கல் கழிந்ததும் எங்கள் களத்தில் ஒரு சோதனை செய்தோம். டேப் பிடித்து 30 மீட்டரில் ஒரு மூங்கில் கழியை நட்டோம். அதற்கு நேர் பின்னால், 52 மீட்டரில் வைக்கோல் போர். கை நடுங்கியது என்று சொல்லக் கூடாது என்பதற்காகக் கருவியை உரல் மேல் மணல் மூட்டை போட்டு அதன்மேல் வைத்தேன். இருபது முறை அழுத்தினேன், என் தங்கை மகள் நோட்டில் குறித்தாள். 17 முறை 52. மூன்று முறைதான் 30. பிறகு அதே கழியை வைக்கோல் போர் இல்லாத பக்கம் அதே தூரத்தில் நட்டு, பின்னால் வெறும் வானம் இருக்கும்படி பார்த்தேன். இருபதுக்கு இருபதும் 30. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கருவிக்குக் கழி தெரியாமல் இல்லை. தெரிந்தும் அதை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைச் சொல்கிறது. வீடியோவை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். நடுவில் ஒரு கோழி குறுக்கே வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஏன் என்று விளக்கியது உங்கள் நிறுவனம் இல்லை. என் சின்னம்மா மகன் சென்னையில் ஒரு கோல்ஃப் திடலில் புல் பராமரிப்பு வேலை பார்க்கிறான். போனில் கேட்டதும் சிரித்துவிட்டான். அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். கருவி ஒரு லேசர் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒரு மீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு ஏறக்குறைய 6.7 நானோ விநாடி. ஆனால் கதிர் நூல் மாதிரி ஒல்லியாகவே போவதில்லை, போகப் போக விரிகிறது. எழுபது மீட்டரில் உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஆகிவிடும். அதில் பாதி தென்னையில் படும், பாதி தாண்டிப் பின்னால் உள்ள மூங்கிலில் படும். இரண்டு பதில் திரும்பி வரும். எந்தப் பதிலைக் காட்டுவது என்று கருவிதான் முடிவு செய்கிறது.

கோல்ஃப்காரருக்கு வேண்டியது குழியில் நட்ட கொடிக்கம்பம். ஒல்லியான கம்பம், பின்னால் முழுக்க மரங்கள். அதனால் கோல்ஃப் கருவி முதலில் வரும் பதிலை, அதாவது கிட்டத்தில் உள்ளதைப் பிடித்துக்கொள்ளும். கொடியைப் பிடித்துவிட்டேன் என்று கையில் அதிர்ந்து காட்டும் மாடலும் உண்டாம். வேட்டைக்காரருக்கு நிலைமை தலைகீழ். மான் புதருக்குப் பின்னால் நிற்கும். முன்னால் இருக்கும் புல், கிளை எல்லாம் இடைஞ்சல். அதனால் வேட்டைக் கருவி கிட்டத்தில் உள்ளதை உதறிவிட்டுக் கடைசியாக வரும் பதிலைக் காட்டும். "அக்கா, உனக்குத் தென்னைதான் கொடி. நீ வாங்கியிருப்பது தென்னையைப் புதர் என்று நினைத்து ஒதுக்கிவிட்டு மூங்கிலுக்குள் மான் தேடுகிற கருவி" என்றான்.

அவனுக்கு இது அரை நிமிட விஷயம். தூரமானி விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் உங்கள் ஆளுக்குத் தெரியாமல் போனதா, தெரிந்தும் 6,500 ரூபாய் கூடுதலான மாடலை விற்றாரா? இதற்கு மட்டும் நேரடியான பதில் வேண்டும்.

"கோல்ஃப் மோடும் உள்ளயே இருக்கு" என்றாரே, அதையும் பார்த்தேன். அந்த மோடுக்கு மாற்றினால் கெஜக் கணக்கும் சரிவுக் கணக்கும் மாறுகின்றன, முன்னால் உள்ளதைப் பிடிக்கும் வேலை மாறவில்லை. உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் பேசியவரும் இந்த மாடலில் கடைசிப் பதில்தான் எப்போதும், மாற்ற முடியாது என்று ஒப்புக்கொண்டார். பேசியது ஜனவரி 22, மாலை நான்கு மணிவாக்கில். சரிவுக் கணக்கு என்பது மேட்டிலும் பள்ளத்திலும் உள்ள இலக்குக்குத் தூரத்தைத் திருத்திச் சொல்வது. கோல்ஃப் போட்டிகளில் உயர வித்தியாசம் அளக்கக் கூடாது என்பதால் அதை அணைத்துவைக்கத் தனிப் பொத்தான் வைக்கிறார்களாம். எங்களுக்கு விதியே தேவையில்லை, ஆற்றங்கரையையும் கோயில் கோபுரத்தையும் விட்டால் எங்கள் ஊரில் மேடே கிடையாது. அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கியிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த 1000. உங்கள் விளம்பரத்தில் 1000 மீட்டர். கையேட்டில் பொடி எழுத்தில் 1000 யார்டு. யார்டு என்பது நம் கெஜம்தான், மூன்று அடி. 1000 கெஜம் 914 மீட்டர்தான் வரும். அதுவும் நன்றாக எதிரொளிக்கும் பலகைக்குத்தான், மரத்துக்கும் விலங்குக்கும் வெகுவாகக் குறையும் என்று அதற்கும் கீழே இன்னும் பொடியாகப் போட்டிருக்கிறது. சுண்ணாம்பு அடித்த மண்டபச் சுவரை 600-க்கு மேலும் காட்டியது உண்மை. தென்னையில் 350-ஐத் தாண்டவில்லை. எனக்கு 150-க்கு மேல் வேண்டாம் என்பதால் இதில் எனக்கு நஷ்டம் இல்லை. ஆனால் அந்த எண்ணைச் சொல்லித்தான் விலை உயர்ந்த மாடலை விற்றீர்கள்.

பனியில் தடுமாறுவதையும், வயலில் நிற்கும் தண்ணீரைக் காட்டாததையும் நான் குறையாக எழுதவில்லை. எந்த லேசர் கருவிக்கும் அது உள்ளதுதான் என்று தெரிந்துகொண்டேன். பேட்டரி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சிஆர்2 என்ற குட்டி பேட்டரி கும்பகோணத்தில் மூன்று கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் பழைய கேமராவுக்கு வைத்திருந்ததைக் கொடுத்தார். சார்ஜ் போடும் மாடல் உண்டு என்று விற்கும்போதே சொல்லியிருக்கலாம்.

திருப்பி அனுப்புகிறேன் என்றதற்கு உங்கள் பதில், "பத்து நாள் முடிந்துவிட்டது, பெட்டியும் பிரித்துவிட்டீர்கள்." பெட்டியைப் பிரிக்காமல் கருவி எதைக் காட்டுகிறது என்று எப்படித் தெரியும்? பத்து நாளில் எட்டு நாள் அது கூரியரில் வந்துகொண்டிருந்தது. கணக்கை ஆர்டர் போட்ட நாளிலிருந்து தொடங்குகிறீர்கள்.

நான் கேட்பது இவை. இந்தக் கருவியை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, முதல் பதிலைக் காட்டும் அந்த 10,900 ரூபாய் மாடலை அனுப்பி, மீதி 6,500 ரூபாயைக் குழுவின் வங்கிக் கணக்கில் போடுங்கள். அது முடியாது என்றால் 17,400 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். ட்ரோன் பழுதுச் செலவில் பாதி, 4,700 ரூபாய் தர வேண்டும். முழுதும் ஏன் கேட்கவில்லை என்றால், ரிமோட் என் கையில் இருந்தது. புது வயலை ஒருமுறை நடந்து பார்த்திருக்க வேண்டும், நான் அவசரப்பட்டேன். என் பங்கை நான் ஏற்கிறேன், உங்கள் பங்கை நீங்கள் ஏற்க வேண்டும். விளம்பரத்தில் மீட்டரைத் திருத்தி, எந்த மாடல் கிட்டத்தில் உள்ளதைக் காட்டும், எது தூரத்தில் உள்ளதைக் காட்டும் என்று தமிழில் ஒரு வரி போடுங்கள். எங்கள் வட்டாரத்தில் இன்னும் சில குழுக்கள் ட்ரோன் ஓட்டுகின்றன, அவர்களும் என்னிடம் எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்கிறார்கள்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. இதை மிரட்டலாக எழுதவில்லை, பஸ் செலவு மட்டும்தான் என்று குழுவில் பேசிக்கொண்டதைச் சொல்கிறேன்.

கருவியைத் துடைத்து, மான் படப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டேன். பட்டை, உறை, துடைக்கும் துணி, கையேடு எல்லாம் உள்ளே இருக்கின்றன. பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டேன், அது ஸ்டூடியோக்காரருடையது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: ரசீது நகல், பழுது பார்த்த பில், களத்தில் எடுத்த வீடியோ, சோதனை எண்கள் குறித்த நோட்டுப் பக்கத்தின் படம்.