ரயில் பூச்சி மொய்த்தால் கசடு நல்ல உரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கழிவுநீர் நிலையத்துக் கசடைக் காயவைத்து உரமாகப் போடலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், "போட்ட இடத்தில் ரயில் பூச்சி மொய்க்கிறது, மண் நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு சமாதானமும் கூடவே வந்துவிடுகிறது. பினாங்கில் வீட்டோரம் காய்கறிப் பாத்தி வைத்திருப்பவர்கள் பலர் இதை நம்புகிறார்கள். ரயில் பூச்சி எனும் மரவட்டை மண்ணின் கதையைச் சொல்லும்தான். ஆனால் தலையை எண்ணிப் பயனில்லை, குடலைப் பார்க்க வேண்டும்.

கசடில் மட்கும் பொருள் நிறைய, ஈரமும் தங்கும். மரவட்டைக்கு அது விருந்து, அதனால் கூட்டம் சேருகிறது. அதே கசடில் துத்தநாகம், செம்பு, காட்மியம், ஈயம், நிக்கல் எல்லாம் கிடக்கலாம். குழாய், கூரைத் தகடு, பட்டறைச் சாக்கடை என்று பல வழியில் வந்தவை. நிலையத்துப் பாக்டீரியா கரிமப் பொருளைத் தின்று தீர்க்கும், உலோகத்தைத் தீர்க்காது. தண்ணீர் தெளியும்போது உலோகத்தில் பெரும்பங்கு கசடோடு அடியில் இறங்கிவிடும்.

பிரேசிலில் ரைனோகிரிகஸ் பாட்பெர்கி என்ற மரவட்டையைக் கசடு கலந்த மண்ணில் வளர்த்து அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். நடுக்குடல் சுவரின் செல்கள் சிதைவதும், அவற்றுக்கு ஈடாகப் புதுச் செல்கள் வேகமாக முளைப்பதும், ரத்தச் செல்கள் அங்கே வந்து குவிவதும் தெரிந்தன. இதெல்லாம் நுண்ணோக்கியில் தெரிகிற சேதி. பாத்தியில் ஊரும் பூச்சியைக் குனிந்து பார்த்தால் தெரியாது.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நம் தோட்டங்களில் துருச் சிவப்பாக, விரல் நீளத்துக்குள் இருக்கும் டிரைகோனியூலஸ் கோரலினஸ் என்ற மரவட்டை இதற்குப் போதும். 4 லிட்டர் பெட்டி மூன்று எடுங்கள். முதல் பெட்டியில் வெறும் மண். இரண்டாவதில் 9 பங்கு மண்ணுக்கு 1 பங்கு கசடு. மூன்றாவதில் பாதிக்குப் பாதி. ஆழம் 8 செ.மீ. ஒவ்வொன்றிலும் ஒரே அளவுப் பூச்சி பத்து, மேலே மட்கிய பலா இலை. ஈரம், பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. முட்டை ஓட்டுத் தூளை மண்ணில் கலக்காமல் ஒரு சிறு மூடியில் வையுங்கள். கலந்தால் சுண்ணாம்பு அமிலத்தை முறித்து உலோகத்தைக் கட்டிப்போட்டுவிடும், சோதனையே வீண். வாரம் ஒருமுறை, மண்ணைக் கிளறாமல் கிடைப்பவற்றைச் சேர்த்து 0.1 கிராம் தராசில் நிறுத்து, எத்தனை என்பதோடு குறியுங்கள். ஆறு வாரமாவது வேண்டும். கசடில் புழு முட்டை இருக்கலாம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

பலர் சறுக்குவது இரண்டு இடத்தில். ஈரக் கசடைக் கொட்டினால் ஓரிரு நாளில் பூச்சி சாகலாம். அது அமோனியா செய்கிற வேலை, உலோகத்தின் மேல் பழி போடக் கூடாது. மூக்கில் காரம் ஏறாத அளவுக்கு ஆறவிட்ட பிறகே கலக்க வேண்டும். அடுத்தது, தோலுரிக்கும் மரவட்டை மண்ணுக்குள் சிறு அறை கட்டிச் சுருண்டு அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று கிளறினால் அப்போதுதான் உண்மையில் சாகும்.

வெறும் மண் பெட்டியைவிடக் கசடுப் பெட்டியில் பூச்சியின் சராசரி எடை குறைந்தால் கசடு வேண்டாம். குறையாவிட்டால்? அதை வைத்து மட்டும் கசடு சுத்தம் என்று சொல்லிவிட முடியாது, உலோகச் சேதம் மெதுவானது. அப்போது ஆய்வுக்கூடம்தான். பூச்சியை அனுப்புவதானால் இரண்டு நாள் ஈரத் தாளில் பட்டினி போட்டுக் குடலைக் காலி செய்த பிறகு உறைய வையுங்கள். இல்லையேல் குடலில் இருக்கும் மண்ணின் உலோகமும் உடலின் கணக்கில் ஏறிவிடும்.

ஒப்பிட ஓர் அளவுகோல்: ஐரோப்பாவின் 1986 விதி, உலர்ந்த கசடு கிலோவுக்குக் காட்மியம் 20 முதல் 40 மில்லிகிராம், துத்தநாகம் 2,500 முதல் 4,000 என்று உச்சவரம்பு வைத்தது. கசடு போடும் மண்ணில் காட்மியம் 1 முதல் 3 மட்டுமே. அந்த மண் வரம்பும் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6 முதல் 7 வரையுள்ள மண்ணுக்கு வகுத்தது. நம்மூர்ச் செம்மண் பெரும்பாலும் 4, 5 என்று புளித்துக் கிடக்கிறது. புளித்த மண்ணில் காட்மியமும் துத்தநாகமும் எளிதில் கரைந்து கீரைக்குள் ஏறும். ஆகவே அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்து நிம்மதி அடைய முடியாது.

கசடு உரம் கொடுப்பவர் யாராக இருந்தாலும், விற்றாலும் சரி, இலவசமாகத் தந்தாலும் சரி, அந்தத் தொகுதியின் காட்மியம், துத்தநாகம், செம்பு, ஈயம், நிக்கல் அளவையும் பிஎச்சையும் சோதித்த தேதியோடு சாக்கில் அச்சிட வேண்டும். அச்சிடாத சாக்கைப் பூச்செடிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். கங்கோங் கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு