வீடு வரட்டும், கழிவுநீர் எங்கே போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லை மாநகராட்சி எல்லையை ஒட்டிய பஞ்சாயத்துகளில், ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடு கட்ட இடம் பார்க்கிறார்கள் என்றாலே ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. சென்ட் விலை இறங்கிவிடும், திருட்டு பெருகும் என்று மனைப்பிரிவுக்காரர்கள் மனு கொடுக்கிறார்கள். வீடே கிடைக்கக் கூடாதா என்று மறுபக்கம் கேட்கிறது. மனுவில் 'போக்குவரத்து நெரிசல்' என்றுதான் இருக்கும். டீக்கடையில் பேச்சு, யார் குடிவரப் போகிறார்கள் என்பது பற்றி. சாதி கேட்டு வாடகைக்கு வீடு மறுக்கிற தெருக்கள் இருக்கும்வரை, அரசு கட்டிக் கொடுப்பதைத் தவிரப் பல குடும்பங்களுக்கு வேறு வழி கிடையாது. ஆகவே வீடு வரட்டும் என்பதே என் கட்சி. ஆனால் இரு தரப்பும் கேட்காமல் விடுகிற சில கேள்விகளில்தான் இந்தத் திட்டம் தேறுவதும் கெடுவதும் இருக்கிறது.

முதலில் இடம். அரசுக்குச் சும்மா கிடைப்பது புறம்போக்கு. நம் பக்கத்தில் பெரிய பரப்பாகக் கிடக்கும் புறம்போக்கில் பாதி, தண்ணீர் தேங்கும் குளத்து உள்வாயாகவோ, குளம் நிரம்பினால் மிகுநீர் வழிந்தோடும் மறுகால் ஓடையாகவோ இருக்கும். நாலு வருடம் மழை பொய்த்தால் ஓடையில் உடைமரம் மண்டி, பார்ப்பவர்களுக்கு வெறும் பொட்டலாகத் தெரியும். தரையைப் பார்த்து முடிவு செய்யாமல் கிராம நில விவரம் உள்ள அ-பதிவேட்டையும், புல எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் பார்க்க வேண்டும். அந்தப் புல எண் மட்டும் போதாது. மேலே உள்ள குளத்தின் மறுகால் எங்கே விழுகிறது, அங்கிருந்து அடுத்த குளத்துக்கு எந்தப் புலங்கள் வழியாகத் தண்ணீர் போகிறது என்று கிராம வரைபடத்தில் விரல் வைத்துக் கொண்டுபோனால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை ஜங்ஷனும் சிந்துபூந்துறையும் மூழ்கியதற்கு ஆற்று வெள்ளம் காரணம். ஊருக்கு வெளியே பல இடங்களில் வீட்டுக்குள் வந்தது ஆற்றுத் தண்ணீர் அல்ல, அடைபட்ட ஓடைத் தண்ணீர்.

இரண்டு ஏக்கரைக் கட்டடமும் சிமென்ட் தளமுமாக மூடினால், 10 செ.மீ. மழைக்கு அங்கே விழுவது சுமார் 8 லட்சம் லிட்டர். முன்பு அதில் ஒரு பங்கை மண் குடித்தது. இனி மொத்தமும் அணுகுசாலையின் பாலத்தடியில் வந்து நிற்கும். அங்கே இரண்டடி சிமென்ட் குழாயைப் போட்டு மண்ணை மூடிவிடுவது ஒப்பந்தக்காரர் வழக்கம். ஒரு கருவேல முள்ளும் நாலு பிளாஸ்டிக் சாக்கும் சேர்ந்தால் அது அடைத்துக்கொள்ளும். ஓடையின் முழு அகலத்துக்கும் பெட்டிப் பாலம் வேண்டும் என்று வரைபடத்திலேயே கேட்க வேண்டும். தரைத்தள மட்டம் 2023 வெள்ளக் குறிக்கு மேலே இருக்க வேண்டும். மின் மீட்டர் பலகையும் தண்ணீர் மோட்டாரும் அதற்கும் மேலே.

இனி கழிவுநீர். எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களில் உண்மையான கனம் உள்ளது இது ஒன்றுக்குத்தான். அதை அவர்கள் ஒழுங்காகச் சொல்வதில்லை. 300 வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் தேவை 1,62,000 லிட்டர். அதில் 80 சதவீதம் சாக்கடையாகத் திரும்பும்: தினமும் ஏறக்குறைய 1,30,000 லிட்டர். பாதாளச் சாக்கடைக் குழாய் அந்த இடம்வரை வந்து, அங்கிருந்து ராமையன்பட்டி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் என்றால் கவலையில்லை. எல்லைக்கு வெளியே என்றால் மதிப்பீட்டில் 'செப்டிக் டேங்க், உறிஞ்சு குழி' என்று ஒரு வரி இருக்கும். செப்டிக் டேங்க் கசடைத்தான் பிடித்து வைக்கும், தண்ணீர் வெளியே வந்தே தீரும். பாறைத் தரையில் அது இறங்காது. வயல் ஓரத்துக் களிமண்ணில் சித்திரையில் இறங்கும். ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறியதும் குழி நிரம்பி வழியும். வழிந்தது ஓடைக்கு, ஓடையிலிருந்து குளத்துக்கோ கால்வாய்க்கோ. பாளையங்கால்வாய் மேலப்பாளையத்தைத் தாண்டும்போது எந்த நிறத்தில் ஓடுகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வளாகத்துக்குள்ளேயே சிறு சுத்திகரிப்பு நிலையம் வைக்கலாம். வைத்த இடங்களில் அது நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் மின்கட்டணம்தான். காற்று ஊதும் மோட்டார் நின்றால் இரண்டு மூன்று நாளில் கிருமிகள் செத்து, தொட்டி வெறும் நாற்றக் கிடங்காகிவிடும். ஆகவே ஐந்து ஆண்டுக்கு இயக்கவும் பராமரிக்கவும் ஆகும் செலவை டெண்டரிலேயே சேர்க்க வேண்டும். தெளிந்த நீரை யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும்.

அடுத்தது யார் குடிவருகிறார்களோ அவர்கள் பிழைப்பு. நம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட வீட்டுக்கு வரும் பெண்களில் பலர் பீடி சுற்றுபவர்கள். இலையை நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, வெட்டி, சுளகை (முறம்) மடியில் வைத்துச் சுற்றுவதற்குப் பகல் வெளிச்சமும் காற்றும் வேண்டும். அதனால்தான் வாசலிலும் திண்ணையிலும் உட்காருகிறார்கள். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான வீட்டின் உட்பரப்பு குறைந்தது 30 சதுர மீட்டர், அதாவது 323 சதுர அடி. இருபுறமும் வீடுகளை அடுக்கி நடுவே இருட்டு நடைபாதை விட்டால், புகையிலைத் தூளோடு குழந்தைகளும் ஒரே அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் திறந்த ஆறடி நடைபாதை என்று போட்டால் செலவு சற்றுக் கூடும். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. பீடிக் கடை எவ்வளவு தூரம் என்பதும் முக்கியம். இலை வாங்கவும் கணக்குக் கொடுக்கவும் இரண்டு பஸ் மாற வேண்டுமென்றால் வேலை கையை விட்டுப் போகும். மகளிருக்குக் கட்டணமில்லைதான், ஆனால் அந்தத் தடத்தில் காலை 6 மணிக்கு டவுன் பஸ் இருந்தால்தானே ஏற முடியும்.

கட்டுமானத் தரம் பற்றி அதிகம் பேச வேண்டாம், சென்னை புளியந்தோப்பு அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் 2021இல் பூச்சு உதிர்ந்த செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். நம் ஊருக்கே உரிய ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் காலை 11 மணிக்குக் கான்கிரீட் தளம் ஒட்டினால், கொத்தனார் மட்டப்பலகை இழுத்து முடிப்பதற்குள் மேற்பரப்பு காய்ந்து வலை போல விரிசல் விடும். சாயங்காலம் ஒட்ட வேண்டும், முடித்த கையோடு தார்ப்பாயோ ஈரச் சாக்கோ போர்த்த வேண்டும். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, இன்று எல்லோரும் வாங்கும், சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் காயாமல் வைத்திருக்க வேண்டும். குளியலறைத் தளத்தில் டைல்ஸ் ஒட்டும் முன் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும். நானி ட்ராப்பை (தரையில் தண்ணீர் வடியும் வாய்) சுற்றி ஈரம் தெரிந்தால் அப்போதே உடைத்துச் சரிசெய்வது சில நூறு ரூபாய் வேலை. குடிவந்த பிறகு அது மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் நிரந்தரச் சண்டை.

பணத்தில் ஒன்று. பயனாளி பங்குத்தொகையை மொத்தமாகக் கட்டு என்றால், சம்பளச் சீட்டு இல்லாதவர் கந்துவட்டிக்குப் போவார். கடைசியில் வீட்டை ஒத்திக்கு விட்டுவிட்டுப் முன்பு குடிசை போட்டிருந்த ஓடைக் கரைக்கே திரும்புவார். தவணை வசதியும் வங்கிக் கடன் ஏற்பாடும் ஒதுக்கீட்டுக்கு முன்பே முடிய வேண்டும். 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் தருகிறது. சங்கத்தைச் சாவி கொடுக்கும் நாளிலேயே பதிவு செய்யாவிட்டால், பொது மீட்டரின் முதல் பில்லுக்கே யார் கட்டுவது என்று தகராறு வரும். அன்றோடு லிஃப்டும் நிற்கும்.

எதிர்ப்பவர்களோ ஆதரிப்பவர்களோ, கிராம சபையில் கூச்சல் போடுவதற்கு முன் 10 ரூபாய்க்கு ஒரு தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மண் பரிசோதனை அறிக்கை, நிலமட்ட வரைபடம், விரிவான திட்ட அறிக்கையில் கழிவுநீர் பற்றிய பக்கங்கள், நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று ஆகியவற்றின் நகல் கேளுங்கள். பதில் கைக்கு வந்ததும் திங்கள்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த நகல்களை இணைத்து மனு கொடுங்கள், டெண்டர் விடும் முன்பே. தகவல் உரிமை மனுவில் புல எண்ணோடு உட்பிரிவையும் எழுத மறக்க வேண்டாம்; இல்லையென்றால் 'குறிப்பாகக் கேட்கப்படவில்லை' என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.