சர்வருக்குக் கடவுச்சொல் மட்டும் காவல் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையை அடுத்துத் தேங்காய் மண்டி நடத்தி வருகிறேன். பொள்ளாச்சி வியாபாரிகளோடு உள்ள கொடுக்கல் வாங்கல் கணக்குகளை வாடகைச் சர்வர் (இணையம் வழியே பயன்படுத்தும் தொலைக் கணினி) ஒன்றில் வைத்திருக்கிறோம். அதை அமைத்துக் கொடுத்தவர்கள் ஐ.பி. எண்ணையும் (இணைய முகவரி), ரூட் என்னும் முழு அதிகாரமுள்ள பயனரின் கடவுச்சொல்லையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள். மூன்றாம் நாள் உள்நுழைவுப் பதிவைத் திறந்து பார்த்தேன். ‘ஃபெயில்டு பாஸ்வேர்டு ஃபார் ரூட்’ என்ற ஒரே வரி, வெவ்வேறு ஐ.பி. எண்களோடு பக்கம் பக்கமாக நீண்டு கிடந்தது. எங்கள் மண்டியின் மேல் எவருக்கும் பகை இல்லை. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். என்னும் முறைக்கான 22ஆம் போர்ட் (இணைப்பு வாசல்) திறந்திருக்கும் சர்வர்களைத் தேடிப் பிடித்து, கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் தானியங்கி நிரல்களின் வேலை அது.

“எஸ்.எஸ்.எச். பாதுகாப்பானதுதானே?” என்று பலர் என்னிடம் கேட்டார்கள். அதற்கு முன் இருந்த டெல்நெட் என்னும் தொலை நுழைவு முறையில் கடவுச்சொல் மறைப்பின்றி அப்படியே போகும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்ட பின்னர், அங்கிருந்த தாத்து யுலோனன் 1995இல் எஸ்.எஸ்.எச்.ஐ உருவாக்கினார். வழியில் ஒட்டுக்கேட்பதை அது தடுக்கும்; வாசலில் நின்று கடவுச்சொல்லை ஊகிப்பவனைத் தடுக்காது. அதற்கு, கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிக் கோப்பைக் கொண்டு நுழையும் சாவிமுறைதான் வேண்டும்.

விண்டோஸ் 10இல் 2018 முதல் எஸ்.எஸ்.எச். உடன் வருவதால், புட்டி என்னும் எஸ்.எஸ்.எச். மென்பொருளைத் தனியே இறக்க வேண்டியதில்லை. சாவிகளை உருவாக்கும் எஸ்.எஸ்.எச்.-கீஜென் கட்டளையில் இடி25519 என்னும் சாவி வகையைக் கேட்டால் தனிச்சாவி, பொதுச்சாவி என்று இரண்டு கோப்புகள் கிடைக்கும். தனிச்சாவி நம் கணினியிலேயே, அதற்கென்று ஒரு கடவுத்தொடரோடு (சாவியைக் காக்கும் கடவுச்சொல்) இருக்க வேண்டும். பொதுச்சாவியின் ஒற்றை வரியை மட்டும் சர்வரில் ‘ஆதரைஸ்டு கீஸ்’ என்னும் கோப்பில் சேர்க்க வேண்டும். நுழையும்போது தனிச்சாவி கையொப்பம்தான் இடுகிறது. தனிச்சாவி வலை வழியே போவதே இல்லை.

நான் இரண்டு நாள் தடுமாறியது இதற்கு அடுத்த படியில். சாவியைச் சரியாகச் சேர்த்திருந்தும், சர்வர் காரணம் எதுவும் சொல்லாமல் மறுபடியும் கடவுச்சொல்லையே கேட்டது. அந்தக் கோப்பிலோ அது இருக்கும் அடைவிலோ (ஃபோல்டர்) பிறர் எழுத அனுமதி இருந்தால் சர்வர் அந்தச் சாவியை ஏற்காது என்பதும், உரிமையாளர் மட்டுமே பயன்படுத்தும்படி அடைவுக்கு 700, கோப்புக்கு 600 என்று அனுமதியைக் குறுக்க வேண்டும் என்பதும் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. இந்த இடத்தில் சலித்துப்போய்க் கடவுச்சொல்லுக்கே திரும்பியவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு.

சாவி வேலை செய்த பின்னரே கடவுச்சொல் நுழைவைச் சர்வரின் எஸ்.எஸ்.எச். அமைப்புக் கோப்பில் நிறுத்த வேண்டும். அப்போது திறந்திருக்கும் சாளரத்தை மூடாமல், இரண்டாவது சாளரத்தில் நுழைந்து பார்ப்பது மிக அவசியம். பிழை நேர்ந்தால் திருத்த வழி அந்த முதல் சாளரம்தான். சாவி இல்லாத வேறொரு கணினியிலிருந்து முயன்று, மறுக்கப்படுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். முதன்முறை நுழையும்போது சர்வரின் விரல்ரேகையை (அதன் சாவியை அடையாளம் காட்டும் எழுத்துத்தொடர்) காட்டி ‘யெஸ்’ கேட்கும்; சர்வர் வழங்குநர் தந்திருப்பதோடு ஒப்பிடாமல் ‘யெஸ்’ போடக் கூடாது.

எங்கள் பகுதியில் இவற்றை வாயால் சொல்லித் தருபவர்கள் மலையாளத்தில் சொல்கிறார்கள். கையேடுகளோ ஆங்கிலத்தில் இருக்கின்றன. கேரளப் பள்ளிக் கணினிகளில் கட்டற்ற இயங்குதளம் (லினக்ஸ்) இருப்பதால், இங்குள்ள தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) புதிதன்று. அவர்கள் படித்துச் செய்து பார்க்கத் தமிழில் ஒரு பக்கம்தான் இல்லை. அனுமதி எண்களையும் இரண்டாவது சாளரத்தையும் விட்டுவிடாமல், இந்தப் படிகளைத் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் வரிசையாக வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.