மலை கடலில் இறங்கும் இடத்திலிருந்து

கில்லிபெக்ஸ்,
டோனிகால் மாவட்டம், அயர்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசும்போது, "டப்ளினில் வேலை கிடைக்காதா, ஏன் அந்த ஓரத்தில் போய்க் கிடக்கிறாய்?" என்று கேட்டீர்கள். டூட்டிக்கு நேரமாகிவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது ஆற அமர எழுதுகிறேன்.

முதலில், இது மீன்காரர்களின் ஊர். அயர்லாந்தின் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகம் இதுதான். நம் முட்டத்து விசைப்படகுகளைவிடப் பல மடங்கு பெரிய கப்பல்கள் குளிர்காலத்தில் அயிலையோடு வந்து நிற்கும். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு இங்கே இருந்துவிடலாம் என்று தோன்றிவிட்டது.

இங்கிருந்து மேற்கே போனால் டீலின் என்ற சிற்றூர். அதைத் தாண்டியதும் ஒற்றையடிப் பாதை போன்ற சாலை மலையேறுகிறது. முதுகில் நீலச்சாயம் பூசிய ஆடுகள் நடுவழியில் படுத்திருக்கும். அவை எழுந்து போகும்வரை கார்கள் நிற்கும். சாலை முடிகிற இடத்தில், எதிரே ஸ்லீவ் லீக் மலை 601 மீட்டர் உயரத்திலிருந்து நேரே அட்லாண்டிக்கில் இறங்குகிறது. சுற்றுலா பஸ்கள் வரிசைகட்டிப் போகும் மோஹர் பாறைகளுக்கு உயரம் 214 மீட்டர்தான். பாறை முகம் முழுக்கத் துருச் சிவப்பும் மஞ்சளும் கருப்பும். அடியில் அலை உடைவது தெரிகிறது, சத்தம் மேலே வந்து சேர்வதில்லை. காற்று மட்டும் காதை அடைக்கிறது. மேகம் இறங்கினால் மலையே காணாமல் போய்விடும்; கால் மணி நேரம் பொறுத்தால் பெரும்பாலும் திரும்பி வரும்.

இத்தனை அழகான கரையில் மனிதர்கள் குறைவு. கூரையில்லாத கல்வீடுகள் வழிநெடுக நிற்கின்றன. 1840களில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த காலம் தொட்டு, தலைமுறை தலைமுறையாக இங்கிருந்து கப்பலேறினார்கள். நான் பராமரிக்கும் பாட்டிமார்களைக் கேட்டால், ஓர் அண்ணன் பாஸ்டனில், ஒரு தங்கை கிளாஸ்கோவில் என்றுதான் சொல்கிறார்கள். நான் ஊரைவிட்டு வந்ததை இவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை அப்பா. சில சமயம் என் கையைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

இதே கரையிலுள்ள கிளென்கொலம்கில் என்ற ஊரின் பங்குக்கு 1951இல் வந்த ஜேம்ஸ் மக்டையர் என்ற சாமியார், ஊர் காலியாவதைப் பொறுக்காமல் கூட்டுறவுத் தொழில்களைத் தொடங்கினார். 1967இல் பழைய காலத்துக் கூரை வேய்ந்த வீடுகளைக் கட்டி, பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார். அந்தக் கூரைகளை நீங்கள் பார்க்க வேண்டும். காற்று பிய்த்துக்கொண்டு போகாதபடி மேலே கயிறுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, சுவரில் பதித்த கல்முளைகளில் கட்டியிருக்கிறார்கள். வலையும் கயிறுமாக வாழ்ந்த உங்கள் கை, அவற்றைத் தொட்டுப் பார்க்காமல் வராது.

அதே ஊரில் ஜூன் 9, புனித கொலம்பாவின் திருநாள். நம் சிலுவைப்பாதைக்குப் பதினான்கு நிலைகள் என்றால், இங்கே பதினைந்து. வயலிலும் மேட்டிலும் சிதறிக் கிடக்கும் கற்குவியல்களையும் சிலுவை செதுக்கிய பழங்கற்களையும் சுற்றி, ஜெபம் சொல்லிக்கொண்டே நடக்கிறார்கள். வெறுங்காலோடு நடப்பதுதான் பழைய வழக்கம். வேளாங்கண்ணிக்கு நடந்தே போனவர் நீங்கள். உங்களை அங்கே அழைத்துப் போகாமல் எனக்கு மனம் ஆறாது.

அதனால் ஜூன் மாதமே வாருங்கள். இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். மாலின் பெக்கில், பாறைகளுக்கு நடுவே வெள்ளைமணல் கடற்கரை ஒன்று இருக்கிறது. படிகள் அதிகம், அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் மேலிருந்தே பார்க்கலாம். கம்பளிச் சட்டைக்கு அங்கே செலவு செய்ய வேண்டாம், அர்டரா நெசவாளர்களிடம் நானே வாங்கி வைக்கிறேன். இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் எதுவரை செல்லும் என்று பார்த்து, தம்பியிடம் சொல்லி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். விசாவுக்கு நாளாகும்.

அன்புடன்,
உங்கள் மகள்