ஞாயிறு ஆட்டம்: வாட்டர்லூ மேசையில் சில மாற்றங்கள்
நண்பர்களே, வாட்டர்லூ போரை மேசைமேல் திரும்ப நடத்தும் நம் போர் விளையாட்டில் போன வாரம் பிரெஞ்சுப் பக்கம் ஆடியவர்கள் மூன்றாம் சுற்றிலேயே சோர்ந்துவிட்டார்கள், அது காட்சியை அமைத்த என் தப்பு. நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தரப்புக்கு உதவியாகப் பிரஷ்யப் படை எப்போது வரும் என்று முன்னாலேயே தெரிந்துவிட்டால் பதற்றமே இருக்காது. 1815 ஜூன் 18 அன்று அவர்கள் மாலை நாலரை வாக்கில்தான் பிளான்செனுவா கிராமத்துப் பக்கம் சண்டையில் இறங்கினார்கள், அதுவரை நெப்போலியனுக்குக் கையிலிருந்த நேரம்தான் பலம். அதனால் இனி ஐந்தாம் சுற்றிலிருந்து பகடை உருட்டுவோம். 5 அல்லது 6 விழுந்தால் வருவார்கள், எட்டாம் சுற்றில் கட்டாயம். அப்புறம் பிரிட்டிஷ் தரப்பு காத்து நின்ற ஊகுமோன் பண்ணை: வடக்கு வாசல் வழியாக ஒரு அணி உள்ளே புகுந்தாலே பிரெஞ்சுக்கு 2 புள்ளி, முழுதாகப் பிடித்தால் 4. ஒரு ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறி இன்னொன்று ஆடுவோம், எந்தப் பக்கம் சாய்கிறது என்று அப்போதுதான் தெரியும். காலை 10 மணி. மேசையில் வைக்கும் வேலியும் மரங்களும் நான் கொண்டுவருகிறேன்.