'தடுக்கச் சட்டமில்லை' என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் 'விரும்பியபடி குழந்தை' கட்டுரை படித்தேன். "உயரம், நிறம், அறிவு கூட்டி மரபணு திருத்திய குழந்தை சேலத்திலும் சாத்தியம்; தடுக்கச் சட்டமில்லை" என்கிறது. எந்த ஆய்வகத்தை எட்டிப் பார்த்து எழுதினாரோ!

கருத்தரிப்பு மையங்களில் இன்று நடப்பது கருவின் மரபணுவைப் பார்க்கும் சோதனை மட்டுமே. ஐந்தாம் நாள் கருவின் வெளியடுக்கில் ஐந்து முதல் பத்து செல் எடுத்துக்கொண்டு, கருவை உறைய வைப்பார்கள்; முடிவு வந்த பிறகே கருப்பையில் வைப்பார்கள். அதையும் முன்பே தெரிந்த பரம்பரை நோய்களுக்கு மட்டும்தான் 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் அனுமதிக்கிறது. கருவின் மரபணுவைத் திருத்திக் குழந்தை பெறவைப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல் தடுக்கிறது. வழிகாட்டுதலை மீறினால் சிறை என்று தனிச்சட்டம் இல்லையே எனக் கேட்டிருந்தால் நியாயம். கேட்கவில்லை.

திருத்துவதும் லேசில்லை. மரபணுவை வெட்டித் திருத்தும் கருவியான கிரிஸ்பரைக் கருமுட்டைக்குள் செலுத்தலாம். அது எப்போது வெட்டும் என்பது நம் கையில் இல்லை. செல் பிரிந்த பிறகும் வெட்டினால், ஒரே கருவில் மாறிய செல்லும் மாறாத செல்லும் கலந்து நிற்கும். சோதனைக்கு எடுத்த சில செல்களை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது. வேறு இடத்தில் வெட்டிவிடும் ஆபத்து தனி. 2018இல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் அறிவித்த, மரபணு திருத்திய இரட்டையரிடம், எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைய உதவும் சிசிஆர்5 மரபணுவில் சிலருக்கு இயற்கையாகக் காணப்படும் 32 டி.என்.ஏ. எழுத்து நீக்கம் அப்படியே வரவில்லை. வேறு மாற்றங்கள் விழுந்தன. ஒரு குழந்தைக்கு இரண்டு பிரதிகளில் ஒன்றுதான் மாறியது. மறுவருடம் அவருக்கு மூன்றாண்டு சிறை. அது ஒரே மரபணு. உயரத்தோடு தொடர்புள்ளவை என 2022இல் கண்டறிந்த இடங்களோ சுமார் 12,000!

பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் ஏன் சேலத்தில் தொடங்கியது என்பது தாங்கள் அறியாததல்ல. இந்த ஊர் வாசகருக்கு 'விரும்பியபடி குழந்தை' என்றால் முதலில் என்ன தோன்றும்? கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டப்படி, ஸ்கேன் மையங்கள் கர்ப்பிணிகளுக்கான படிவம் 'எஃப்' ஒழுங்காக நிரப்புகின்றனவா என்று ஒரு நாள் எழுதியதுண்டா? கட்டுரைக்குக் கீழேயே அரைப்பக்கக் கருத்தரிப்பு மைய விளம்பரம். தற்செயல்தான், நம்புகிறோம்.

அரிவாள் செல் சோகையைத் தொற்றுநோய் என்று எழுதியதற்குத் தாங்கள் போட்ட திருத்தம் வரி விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது. இந்தத் திருத்தமாவது ஞாயிறு இணைப்பில், அதே எழுத்தளவில் வரட்டும்.

இப்படிக்கு,
கருவியல் ஆய்வக ஊழியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)